பேய்ப்படத்தை நாவலாக்கப் போகிறீர்களா?

ரம்புக்கனைப் பக்கத்துப் பிள்ளைகள் வாசிக்கச் சொல்லி என்னிடம் கொண்டுவரும் கொப்பிகளில் பாதி பேய்க்கதை. அந்தப் பாதியில் பாதி, எங்கேயோ பார்த்த படம். பூட்டிய அறை சந்திரமுகியிலிருந்து வந்திருக்கும், பழிவாங்கும் ஆவி காஞ்சனாவிலிருந்து வந்திருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. படத்தை நாவலாக்குவது உலகத்தில் ஒரு தனித் தொழில். ‘கிங்கொங்’ படம் வந்தது 1933 மார்ச்சில். அதன் நாவல் அதற்கு முந்திய டிசம்பரிலேயே கடைக்கு வந்துவிட்டது. 1976இல் ‘தி ஓமன்’ படத்துக்குத் திரைக்கதை எழுதிய டேவிட் செல்ட்சரே அதை நாவலாகவும் எழுதினார், அது பெரிய விற்பனை கண்டது. நம் ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை. தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் இரண்டு பக்கக் கதைச் சுருக்கம் போட்டு, பேய் கதவைத் தட்டும் இடத்தில் நிறுத்தி, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடித்தவர்கள்தானே.

ஆனால் கை சுட்டுக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, ரப்பர் தோட்டத்துப் பிள்ளை, ஒரு தமிழ்ப் பேய்ப்படத்தைப் பெயர்களை மட்டும் மாற்றி நாவலாக்கினான். அக்கா சீட்டுப் பிடித்த காசில் 300 பிரதி அடித்தான். வெளியீட்டுப் படங்களை பேஸ்புக்கில் போட்டு இரண்டாம் வாரம் சட்டத்தரணியின் கடிதம் வந்தது. பெட்டிகள் இன்றும் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. அடிப்பெட்டியில் கறையான் ஏறிவிட்டது.

நீங்கள் அந்த வழியில் போக வேண்டாம்.

செய்ய வேண்டியவை

• முதலில் உரிமை யார் கையில் என்று தேடுங்கள். படத்துக்கு ஒரு சொந்தக்காரர்தான் இருப்பார் என்று நம்பி இறங்கினால் தலை சுற்றும். சந்திரமுகியை எடுத்துக்கொள்ளுங்கள். 1993இல் மது முட்டம் எழுதி ஃபாசில் இயக்கிய மலையாள ‘மணிச்சித்திரத்தாழ்’ அதற்கு மூலம். அது 2004இல் கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’ ஆனது, 2005இல் தமிழில் சந்திரமுகி ஆனது, 2007இல் இந்தியில் ‘பூல் புலையா’ ஆனது. கதை ஒருவருடையது, திரைக்கதை இன்னொருவருடையது, தயாரிப்பு வேறொருவருடையது. யார் யாருக்கு எதை எழுதிக் கொடுத்தார்கள் என்று தெரியாமல் ஒரு வரியும் எழுதாதீர்கள்.

• அனுமதியை எழுத்தில் வாங்குங்கள், அதில் ‘இலங்கை’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஆட்கள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எந்தெந்த நாட்டுக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் அது இந்தியாவுக்குள் மட்டும் என்றுதான் கொள்ளப்படும். எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம். சென்னைத் தயாரிப்பாளர் மனமுவந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளை வைத்துக்கொண்டு நீங்கள் கேகாலையில் புத்தகம் விற்க முடியாமல் போகலாம். நாடு, வருடம், மொழி, எத்தனை பிரதி, மின்நூல் உண்டா, ஒலிநூல் உண்டா என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். போனில் ‘தாராளமா எழுதுங்க தம்பி’ என்று சொன்னது ஒப்பந்தம் ஆகாது.

• கம்பனி கைமாறினால் என்ன நடக்கும் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். ‘ஏலியன்’ (1979) படத்தை நாவலாக்கிய ஆலன் டீன் ஃபொஸ்டருக்கே, பழைய கம்பனியை டிஸ்னி வாங்கிய பிறகு வர வேண்டிய பங்குப் பணம் வராமல், 2020இல் எழுத்தாளர் சங்கத்தோடு சேர்ந்து பகிரங்கமாகக் கேட்க வேண்டி வந்தது. அவ்வளவு பெரிய மனிதருக்கே அந்தக் கதி.

• அனுமதி கிடைக்காதென்றால், காலம் முடிந்த படத்தைத் தேர்ந்தெடுங்கள். நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் திரைப்படத்துக்கு 70 வருடம் தருகிறது. கதை எழுதியவருக்கு அவர் இறந்த பிறகும் 70 வருடம். இரண்டையும் தனித்தனியாகக் கணக்குப் பாருங்கள், ஏனென்றால் படம் விடுதலை ஆகியிருக்கும், கதை ஆகியிருக்காது. 1922இல் வந்த ‘நொஸ்ஃபெராட்டு’ நல்ல தேர்வு. மூல நாவலை எழுதிய பிராம் ஸ்டோக்கர் 1912இலும், திரைக்கதை எழுதிய ஹென்ரிக் காலீன் 1949இலும் இறந்துவிட்டார்கள். 1968இன் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ பற்றி ஒரு எச்சரிக்கை. தலைப்பை மாற்றியபோது உரிமை அறிவிப்பைப் போட மறந்ததால் அமெரிக்காவில் அதற்குக் காப்பு இல்லை. அங்கே இல்லாதது இங்கேயும் இல்லை என்று நீங்களாகத் தீர்ப்பு எழுதாதீர்கள். ரயிலேறி மருதானையில் இறங்கினால் தேசிய புலமைச் சொத்து அலுவலகம் தூரமில்லை, போய்க் கேளுங்கள்.

• ஏற்கெனவே நாவல் இருக்கிறதா என்று பாருங்கள். ‘சைக்கோ’வுக்கு ரொபர்ட் புளொக்கின் 1959 நாவல் இருக்கிறது. ‘தி எக்ஸோசிஸ்ட்’டும் ஜப்பானிய ‘ரிங்’கும்கூட நாவலிலிருந்து வந்தவைதான். தமிழில் ‘விடாது கருப்பு’ தொடரை எல்லோரும் டிவியில் பார்த்தோம், அதன் அடியில் இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விட்டுவிடு கருப்பா’ இருக்கிறது. இருக்கும் நாவலை இன்னொரு தடவை நாவலாக்குவது வீண் வேலை. ஹொலிவூட் அதையும் செய்தது என்பது வேறு கதை. 1897 நாவலான டிராகுலாவை 1992இல் கொப்போலா படமாக்க, அந்தப் படத்துக்கு ஃபிரெட் சேபர்ஹேகனும் ஜேம்ஸ் ஹார்ட்டும் சேர்ந்து மறுபடி ஒரு நாவல் எழுதினார்கள்!

• படத்தை மூன்று விதமாகப் பாருங்கள். ஒரு தடவை சாதாரணமாக. இரண்டாம் தடவை சத்தத்தை முழுதாக நிறுத்திவிட்டு. மூன்றாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு, வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்ட அந்தக் காலத்து ஆட்கள் மாதிரி. சத்தம் இல்லாமலும் எந்த இடம் வயிற்றைப் பிசைகிறதோ அது உங்களுடையது. இசை போனதும் சப்பென்று ஆகிவிடும் இடங்கள் இசையமைப்பாளருடையவை, அவற்றை விட்டுவிடுங்கள். எட்டாம் நிமிடம், நாற்பதாம் நிமிடம் என்று கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். தேறுவது ஐந்தோ ஆறோதான் என்று கண்டு மனம் தளர வேண்டாம், ஒரு நாவலுக்கு அது போதும்.

• யார் கதை சொல்கிறார் என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். கமெரா எல்லா இடமும் போகும், ஆள் போக மாட்டான். கார்த்திக் சுப்பராஜின் ‘பீட்சா’ (2012) நாவலுக்கென்றே வெட்டித் தைத்த சட்டை மாதிரி. ஒருவன் ஒரு வீட்டுக்குள் என்ன நடந்தது என்று மற்றவர்களுக்குச் சொல்கிறான், அவன் சொல்வதைத்தான் நாம் நம்ப வேண்டியிருக்கிறது. முடிவை நான் சொல்லப் போவதில்லை. ‘நான்’ என்று தன்மையில் எழுதினால் அந்தப் படத்தின் முழுப் பயமும் ஒரு மனிதனின் வாய்க்குள் வந்துவிடும். அறிவழகனின் ‘ஈரம்’ (2009) அதற்கு எதிர்ப்பக்கம். அதில் பேயே தண்ணீர்தான், நிறத்தாலும் நனைவாலும் ஆன படம். அதை எடுக்கிறவருக்கு வேலை இரட்டிப்பு.

• ஊரை மாற்றினால் பேயின் பழக்கத்தையும் மாற்றுங்கள். இதைத்தான் நான் அதிகம் திருத்துகிறேன். சென்னை அடுக்குமாடியில் ஒரு குடும்பத்தை மட்டும் பேய் பிடித்து ஆட்டலாம், பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாது. லயத்தில் அது நடக்குமா? ஒரு காம்பராவில் இருமினால் நாலாவது காம்பராவில் ‘கொத்தமல்லித் தண்ணி குடி’ என்பார்கள். இங்கே பேய் வந்தால் முழு லயத்துக்கும் சேர்த்துத்தான் வரும். யார் வீட்டுக்கு வந்தது என்பதில் சண்டை வரும், கோயில் கமிட்டி கூடும், தொங்கக் காம்பராக்காரர் தன் வீட்டைக் கடந்துதான் அது போனது என்று சத்தியம் செய்வார். அப்படி எழுதினால்தான் அது உங்கள் நாவல். பங்களாப் பேயை எழுதுவதென்றால் துரையின் கண்ணால் எழுதாதீர்கள். இரவில் விளக்கணைத்துவிட்டுப் பின்வாசலால் தனியாக லயத்துக்கு நடக்கிற பங்களா அப்புவின் கண்ணால் எழுதுங்கள்.

• உங்கள் மலையின் சத்தங்களைக் கணக்கெடுங்கள். ரப்பர்க் காய் முற்றும் காலத்தில் வெயில் ஏறினால் ‘படார்’ என்று வெடித்துக் கொட்டை தெறிக்கும். ஆளில்லாத மலையில் அந்தச் சத்தத்தைக் கேட்டுத் திரும்பிப் பார்க்காதவர் யார்? ரப்பர் சீட்டுகளைப் புகையில் தொங்கவிடும் அறைக்குள் போனால், தோல் உரித்துக் காயப்போட்டது மாதிரி வரிசையாகத் தொங்கும். ரம்புக்கனையில்தான் ரயிலுக்கு ஏற்றம் தொடங்குகிறது. நீராவி எஞ்சின் காலத்தில் இன்னொரு எஞ்சின் சேர்த்துத்தான் கடுகண்ணாவைக்கு ஏற்றினார்கள். இரவு ரயில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி, சுரங்கத்துக்குள் நுழைந்ததும் சத்தம் அறுந்துபோகும் அந்த நொடி இருக்கிறதே, அதற்கு எந்த ஸ்டூடியோவும் தேவையில்லை.

தண்ணீர் பிடிக்கும் பீலியடியையும் மறக்க வேண்டாம். வாளி நிறையும்போது சத்தம் மாறும். வெறும் வாளியில் தடதடவென்று விழும், நிறைய நிறையத் தொண்டை அடைத்தது மாதிரி ஆகும். லயத்தில் வளர்ந்த யாரும் கண்ணை மூடிக்கொண்டே முக்கால் வாளி, முழு வாளி என்று சொல்வார்கள். இரவு பதினொரு மணிக்கு ஒரு வாளி நிறையும் சத்தம் கேட்கிறது. நிறைந்தும் விட்டது. தூக்கிக்கொண்டு போகும் காலடி மட்டும் கேட்கவில்லை. அவ்வளவுதான், பக்கத்தைத் திருப்ப வைத்துவிட்டீர்கள்.

• பிளாஷ்பேக்கை நொறுக்கித் தூவுங்கள். தமிழ்ப் பேய்ப்படத்தில் இடைவேளைக்குப் பிறகு இருபது நிமிடம் வரும்: அவள் யார், அவளை யார் கொன்றது. காஞ்சனா உயிரோடு இருந்த கதைதான் அந்தப் படத்தின் உயிர், ஆனால் அவள் முகத்தைப் பார்க்க நாம் இடைவேளை தாண்டிக் காத்திருந்தோம். நாவலில் இருநூறு பக்கம் காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. அவளை முதல் அத்தியாயத்திலேயே உயிரோடு உலவவிடுங்கள்.

• எழுதிய அத்தியாயத்தை இரவில் ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். கேட்டவர் ‘நல்லா இருக்கு’ என்றால் திருத்துங்கள். ‘தண்ணி குடிக்கப் போறேன், கூட வா’ என்றால் விட்டுவிடுங்கள்.

செய்யக்கூடாதவை

• பெயரை மாற்றினால் தப்பலாம் என்று நினைக்காதீர்கள். ‘நொஸ்ஃபெராட்டு’ எடுத்தவர்கள் டிராகுலாவை ஓர்லொக் என்று மாற்றினார்கள், ஊரையும் மாற்றினார்கள். ஸ்டோக்கரின் மனைவி ஃபுளோரன்ஸ் விடவில்லை. 1925இல் ஜெர்மன் நீதிமன்றம் பிரதிகளை எல்லாம் அழிக்கச் சொன்னது. எங்கெங்கோ தப்பிய பிரதிகளால்தான் இன்று அந்தப் படம் இருக்கிறது. அட்டையில் ‘இக்கதையில் வருபவை யாவும் கற்பனையே’ என்று போட்டாலும் காப்பாற்றாது.

• அதற்காகப் பயந்து நடுங்கவும் வேண்டாம். பேய் பிடித்த வீடு, பூட்டிய அறை, பழிவாங்கும் ஆவி என்பவை யாருக்கும் சொந்தமில்லை. கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் தெளிவாகச் சொன்னது, நம் சட்டமும் அதே பக்கம்தான். காட்சியின் வரிசையும், பாத்திரமும், வசனமும்தான் ஆபத்து. ஒரு படம் உங்களைத் தூண்டியது என்றால், அந்தத் தூண்டலை மட்டும் வைத்துக்கொண்டு முழுக்கப் புதிதாக எழுதுவது பல நேரம் மலிவான வழி, நல்ல வழியும்கூட.

• ‘திடீரென்று’ என்று எழுதாதீர்கள். படத்தில் திடீரென்று என்பது ஒரு சத்தம். தாளில் அது வெறும் ஐந்தெழுத்து, வாசகர் அசைய மாட்டார். ‘படார்’, ‘வீல்’, மூன்று ஆச்சரியக்குறி எல்லாம் அந்தக் கணக்குத்தான். நான் மேலே ஒரு ‘படார்’ போட்டேனே என்று கேட்காதீர்கள், அது ரப்பர்க் காய்.

• பேயை முழுதாகக் காட்டாதீர்கள். ‘ஏலியன்’ நாவல் எழுதும்போது அந்த ஜந்துவின் படத்தை ஃபொஸ்டருக்குக் காட்டவே இல்லை. அவர் பார்க்காமலே எழுதினார், அதனால் நாவல் கெட்டுப்போகவும் இல்லை. பல், நகம், தொங்கும் முடி, வெள்ளைச் சேலை என்று பட்டியல் போட்டால் திருவிழாவில் வேஷம் கட்டியவர்தான் மனதில் வருவார்.

• எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லாதீர்கள். ‘ஹாலோவீன்’ (1978) படத்தில் அந்தப் பையன் ஏன் கொல்கிறான் என்று ஒருவருக்கும் தெரியாது. அடுத்த வருடம் கர்டிஸ் ரிச்சர்ட்ஸ் என்ற பெயரில் வந்த நாவல், பழங்கால கெல்ட்டியர் சாபத்திலிருந்து தொடங்கியது. ரசித்தவர்கள் பலர். என்னைக் கேட்டால், சாபம் என்று தெரிந்ததுமே பாதிப் பயம் இறங்கிவிட்டது.

• நகைச்சுவையையும் பாட்டையும் இறக்கி வைக்காதீர்கள். காஞ்சனாவில் கோவை சரளா பயந்து அலறினால் தியேட்டர் குலுங்கும், எழுதிப் பாருங்கள், ஒன்றும் நடக்காது. பாட்டு வரியை அச்சடித்தால் அதற்குத் தனியாக உரிமை வாங்க வேண்டும்.

• யூடியூபில் பத்து நிமிடத்தில் கதை சொல்பவரைக் கேட்டு எழுதாதீர்கள். அவர் விட்டதெல்லாம் உங்கள் நாவலிலும் விடுபட்டுப் போகும், அவர் தப்பாகச் சொன்னது உங்கள் பெயரில் வரும். முடிந்தால் திரைக்கதைப் பிரதியைக் கேளுங்கள், வெளிநாட்டில் இந்தத் தொழில் அதை வைத்துத்தான் நடக்கிறது.

• சாமியைப் பேயாக்காதீர்கள். ஸ்டோரில் ரோதமுனிக்குப் படையல் வைக்காமல் மெஷினைத் தொடாதவர்களையும், கவ்வாத்துச்சாமியைக் கும்பிட்டுவிட்டுக் கத்தி எடுத்தவர்களையும் பாட்டன் பாட்டியாகக் கொண்டவர்கள் நாம். முனி ஒரு காவல். அவரைப் படத்தில் பார்த்த கெட்ட ஆவியின் இடத்தில் நிறுத்தினால் உங்கள் லயத்திலேயே உங்கள் புத்தகத்தைத் தொட மாட்டார்கள், அவர்கள் பக்கம்தான் நியாயம். சிங்களவர்களின் மஹசோனாவை எழுதுவதென்றால் தொவில் பார்த்து வளர்ந்த ஒரு நண்பரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

• உண்மையில் செத்தவர்களை ஆவியாக்காதீர்கள். 2022 ஏப்ரல் 19ஆம் திகதி ரம்புக்கனையில் எரிபொருள் விலைக்கு எதிராக ரோட்டில் இறங்கியவர்கள் மீது பொலிஸ் சுட்டு ஒருவர் இறந்தார். 2016 மே மாதம் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மண் சரிந்து குடும்பம் குடும்பமாகப் புதைந்தார்கள். அவர்களின் வீட்டாட்கள் நீங்கள் சாமான் வாங்கும் அதே கடையில்தான் சாமான் வாங்குகிறார்கள். ஒரு பிள்ளை மண்சரிவை வைத்துப் பேய்க்கதை எழுதிக்கொண்டு வந்தது. எழுத்து நன்றாகவே இருந்தது. இரண்டாம் பக்கத்திலேயே திருப்பிக் கொடுத்தேன்.

• படத்தின் போஸ்டரை அட்டையில் போடாதீர்கள். கதைக்கு அனுமதி கிடைத்தாலும் நடிகரின் முகத்துக்குக் கிடைத்ததாக ஆகாது. பள்ளியில் நன்றாகப் படம் கீறும் ஒரு பிள்ளையிடம் ஒரு வாளி வரையச் சொல்லுங்கள்.

• அனுமதிக் கடிதம் கைக்கு வராமல் அச்சகத்துக்கு முற்பணம் கொடுக்காதீர்கள். ஐ.எஸ்.பி.என். எண்ணுக்குத் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபைக்கு விண்ணப்பிப்பதும் அதற்குப் பிறகுதான். எண் கிடைத்துவிட்டது என்பதால் உரிமை கிடைத்துவிட்டது என்று ஆகாது. எங்கள் தம்பியின் புத்தகத்துக்கும் எண் இருந்தது.

இன்று மாலையே படத்தின் தொடக்கத்திலோ கடைசியிலோ ஓடும் பெயர்களை நிறுத்தி, கதை, திரைக்கதை, தயாரிப்பு என்று மூன்று பெயரைக் கொப்பியில் எழுதுங்கள். நாளைக்கு மூன்று கடிதம் போடுங்கள். பதில் வர மாதங்கள் ஆகலாம். அதுவரை அந்த வாளிச் சத்தத்தை எழுதிப் பழகுங்கள், அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.